பத்து மாத்திரை மீதி

பூவம்மாள் மாத்திரைப் புட்டியை வைத்த வேகத்தில் மேஜையே அதிர்ந்தது.

"எண்ணிப் பாருங்க சார். முப்பது வாங்கினேன். வாரத்துல அஞ்சு நாளு, ராத்திரி சோறு துன்ன அப்புறம் ஒண்ணு. சனி, ஞாயிறு வேணான்னாரு டாக்டரு. நாலு வாரமா அப்படித்தான் குடுத்துகினு வரேன். ஆனா நான் அரளிய அரைச்சிக் குடுத்துட்டேன்னு மணவாள நகரே பேசுது!"

துப்பறிவாளர் பூவராகவன் மாத்திரைகளைக் காகிதத்தில் கொட்டி எண்ணினார். பத்து மீதி இருந்தன. கணக்கு மிகச் சரியாக இருந்ததே அவருக்கு எரிச்சலாக வந்தது.

அவள் கணவன் அரசப்பன் வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். அவனுக்கு இதயத் துடிப்பு சீராக இருப்பதில்லை; திடீரென்று தாறுமாறாக ஓடும். அதற்குத்தான் இந்த டிஜாக்சின். போன வாரம் முழுவதும் சாப்பாடு பிடிக்கவில்லை, வாந்தி, விளக்கைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், முந்தாநாள் வேலையிலேயே மயங்கி விழுந்தான். திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் நாடி நாற்பதுக்கும் கீழே இருந்தது. மருந்து மிஞ்சியிருக்க வேண்டும், அல்லது அரளி விஷமாக இருக்கலாம், இரண்டும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்றார் டாக்டர். சப்-இன்ஸ்பெக்டர் அருணாச்சலத்துக்கு இரண்டாவது வார்த்தையே போதுமானதாக இருந்தது. வீட்டுக் கொல்லையில் அரளிச் செடி வேறு நின்றது.

"நேத்து ஆஸ்பத்திரியில எல்லார் எதிர்லயும் என்னைக் கொலைகாரின்னுட்டாரு. இன்னைக்கு சாயங்காலம் ஸ்டேஷனுக்கு இட்டுகினு போறாராம். எனக்கு ரெண்டு பொண்ணுங்க சார்."

"மாமியார்தான்!" என்று துள்ளி எழுந்தார் குப்புராஜ். சைக்கிள் கடை முதலாளியான அவர், கடையைப் பூட்டிவிட்டுப் பூவராகவன் பின்னாலேயே சுற்றுவதைப் பெரிய உத்தியோகமாக நினைத்திருந்தார்.

"முதலில் வீட்டைப் பார்ப்போம். அப்புறம் உங்கள் இஷ்டப்படி யாரை வேண்டுமானாலும் தூக்கில் போடலாம்" என்றார் பூவராகவன்.

வீடு ஒன்று, அடுப்பு இரண்டு. முன்கட்டில் மாமியார் தாயாரம்மாள், பின்கட்டில் பூவம்மாள். ஒரு கல்யாணத்தில் யாரை முதலில் பந்திக்குக் கூப்பிட்டார்கள் என்று தொடங்கிய சண்டையில், இருவரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. அரளிச் செடி இன்னும் காய்க்கவே இல்லை. கிளை எதுவும் ஒடிந்திருக்கவில்லை. வேரைச் சுற்றி மண் கட்டாந்தரையாக இறுகிக் கிடந்தது. குப்புராஜுக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

தாயாரம்மாள் கேட்காமலே பொரிந்து தள்ளினாள். "காலைல என் கையால கஞ்சி குடிச்சிட்டு, மாத்திரைய போட்டுகினு ஜம்முனு வேலைக்குப் போவான் சார் எம்புள்ள! ராத்திரி அவ போடுற சோத்துலதான் இன்னாவோ கீது!"

பூவராகவன் தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்து வீட்டு ரோசம்மாளை விசாரித்துவிட்டு வந்தார் குப்புராஜ். "வேடிக்கையைக் கேளுங்கள் சார். அரசப்பன் இரண்டு அடுப்பிலும் சாப்பிடுவானாம். அம்மாவிடம் ஒரு வயிறு, பெண்டாட்டியிடம் ஒரு வயிறு. வேண்டாம் என்றால் யாராவது கோபித்துக்கொள்வார்களாம். இதில் நமக்கு என்ன பிரயோசனம்?"

"எல்லாமே இதில்தான் இருக்கிறது. தாயாரம்மாளை அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்."

மூன்று மணிக்கு அரசப்பனின் கட்டிலைச் சுற்றி எல்லாரும் நின்றார்கள். அருணாச்சலம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பூவம்மாள் ராத்திரிதான் மாத்திரை கொடுப்பாள். புட்டியும் அதையே சொல்கிறது" என்று தொடங்கினார் பூவராகவன். "பிறகு அரசப்பன் காலையில் போட்டுக்கொள்வது எந்த மாத்திரை? தாயாரம்மா, நீங்கள் கொடுப்பதைக் கொஞ்சம் காட்டுங்கள்."

கிழவி தயங்காமல் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தையும் சீட்டையும் எடுத்தாள். "இதுல இன்னா தப்பு? கம்பெனி டிஸ்பென்சரில எம்புள்ளைக்குக் குடுத்தது. அவ ஒழுங்கா குடுக்க மாட்டான்னு நானே தினம் ஒண்ணு குடுத்தேன். சனி, ஞாயிறுகூட உட்டதில்ல."

டாக்டர் சீட்டை வாங்கிப் படித்தார். அவர் முகம் மாறியது. "இதுவும் டிஜாக்சின்தான்! உடம்பை விட்டுச் சீக்கிரம் போகாத மருந்து இது, கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். ஐயோ, அங்கே ஒரு டாக்டர், இங்கே ஒரு டாக்டர், ஒருத்தரிடமும் மற்றதைச் சொல்லவில்லையா?"

"வாரத்துக்கு ஐந்து போக வேண்டிய உடம்பில் பன்னிரண்டு போயிருக்கிறது" என்றார் பூவராகவன். "கொடுத்த இருவரும் நல்லது நினைத்தே கொடுத்தார்கள். கொலைகாரர் யாரும் இல்லை, இன்ஸ்பெக்டர்."

அருணாச்சலம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறினார். தாயாரம்மாள் சுவரில் சாய்ந்து, "நானா? நானா நைனா உனக்கு..." என்று முனகினாள்.

வழக்கு முடிந்தும் பூவராகவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்த வீட்டில் வாய்க்குப் பஞ்சமே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

"ஏனப்பா, இரண்டு கையிலும் வாங்கி விழுங்கியது நீதானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

அரசப்பன் விட்டத்தைப் பார்த்தான். "அது வேற, இது வேறன்னு நெனச்சிக்கினேன் சார். அம்மா குடுக்குறதை இவகிட்ட சொன்னா ஊட்டுல பேஜாரு. எதுக்கு வம்புன்னு..."

டாக்டர் காகிதப் பொட்டலத்தைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாடி ஏறும்வரை ஒரு மாத்திரையும் கிடையாது. அப்புறம் நான் எழுதித் தருவது மட்டும்தான். அதை யார் கையில் கொடுக்கட்டும்?"

தாயாரம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பூவம்மாள் கட்டிலின் அருகே போய்க் குனிந்தாள்.

"நேத்து அந்த ஆளு என்னைக் கொலைகாரின்னு சொன்னப்ப, கண்ண மூடிகினு இருந்தியே. தூங்கினியா, முழிச்சிகினு இருந்தியா?"

அரசப்பன் சொன்னான்: "முழிச்சிகினுதான் இருந்தேன்."

பூவம்மாள் சோற்றுத் தூக்கைக் கட்டிலடியில் வைத்தாள். "மாத்திரைய இவரு கையிலயே குடுங்க டாக்டரு" என்றுவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து தன் இரண்டு பெண்களையும் அழைத்துப் போக நடந்தாள்.