கழித்தபின் மிஞ்சிய சத்தம்

அறையின் மௌனத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோதுதான் அந்த உரசல் முதலில் கேட்டது.

மௌனத்தைப் போய்ப் பதிவு செய்வார்களா என்று வெளியாட்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒலிப்பதிவில் அது இல்லாமல் வேலை நடக்காது. ஒவ்வோர் அறைக்கும் தனக்கென்று ஓர் இரைச்சல் உண்டு: ஏசியின் மூச்சு, விளக்கின் ரீங்காரம், சுவருக்கு அப்பால் குழாயில் ஓடும் தண்ணீர். வசனம் பேசி முடித்ததும் எல்லாரும் அசையாமல் நிற்க, அந்த இரைச்சலை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிறகு பதிவிலிருந்து அதைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது சுத்தமான குரல். அப்படிக் கழித்துப் பார்ப்பதில் ஒலிப்பதிவாளரான அவள் கில்லாடி. ஸ்டூடியோவில் அவளுக்குப் பாம்புச்செவி என்றே பட்டப்பெயர்.

அன்று அவள் இடப்பக்கத் திரையிலிருந்து வலப்பக்கத் திரைக்குப் பார்வையைத் திருப்பினாள். ஈரத்துணியை மரப்பலகைமேல் இழுத்தது போல, சர்ர்ர்.

"யாரு கால நகத்துறது?" என்று மைக்கில் சீறினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பின்னணிக் குரல்காரர் இரண்டு கைகளையும் தூக்கினார். "அம்மா தாயே, நான் மூச்சே விடல!"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். சத்தம் போகவில்லை. இடப்பக்கம் பார்த்தாள். சர்ர்ர். வலப்பக்கம். சர்ர்ர். அவளுடைய கண்விழிகள்தான் குழிக்குள் உரசிக்கொண்டிருந்தன.

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தன. கழுத்தைத் திருப்பினால் மணல் அரைபட்டது. பேசினால், தலையில் அண்டாவைக் கவிழ்த்தாற்போல் சொந்தக் குரலே முழங்கியது. யாராவது கதவை அறைந்து சாத்தினால் தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

முதல் டாக்டர் காதில் அழுக்கு என்றார். அடுத்தவர் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். நரம்பு டாக்டர் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் ஏதோ ரிப்பேருக்கு வந்த மிக்ஸி போல, அவளுடைய கணவனிடம் பேசினார். "சும்மா டென்ஷன் சார். நல்லா தூங்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் கணவன் சொன்னான், "டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?"

"என் கண்ணு அசையறது எனக்குக் கேக்குது. அவருக்கா கேக்குது?"

"சரி, கத்தாத."

"கத்தினா என் மண்டைக்குள்ளதான் இடி இடிக்குது. அப்பவும் கத்துறேன்னா எனக்கு எவ்வளவு பத்திக்கிட்டு வருதுன்னு பாத்துக்கோ!"

கடைசியில் காது நரம்பு பார்க்கும் ஒரு பெண் டாக்டர்தான் அவளை முழுதாகப் பேசவிட்டார். ஒரு காதுக்குள் உரத்த சத்தம் ஒன்றை விட்டு, அவள் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். விழிகள் தாமாகத் துள்ளின. "இதோ," என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்துவிட்டு, காகிதத்தில் படம் போட்டு விளக்கினார்.

"காதுக்குள்ள மூணு வளையக் குழாய் இருக்கு. அதுல தண்ணி மாதிரி ஒண்ணு ஆடித்தான் நாம நேரா நிக்கிறோமா சாய்ஞ்சிருக்கோமான்னு மூளைக்குச் சொல்லுது. உங்களுக்கு மேல இருக்கிற குழாயோட எலும்புக் கூரையில ஒரு ஓட்டை. ரொம்ப அபூர்வமா வர்றது. சத்தம் அது வழியா கசிஞ்சு தண்ணியத் தள்ளுது, அதான் தரை சாயுது. கண்ணு அசையறது எலும்பு வழியா உள்ள வந்து பெருசா கேக்குது."

"வெளிச் சத்தமும் பெருசா கேக்குமா?"

"கேக்காது. உங்க உடம்புக்குள்ள இருக்கிறது மட்டும்தான்."

ஆத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. கணவன் பக்கம் திரும்பினாள். "இப்ப சொல்லு. டென்ஷனா?" அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

காதுக்கு மேல் மண்டையோட்டைத் திறந்து ஓட்டையை அடைப்பது என்று முடிவாயிற்று. அறுவை சிகிச்சைக்காகச் சேர்ந்த அன்று பிற்பகல், மருந்தும் பினாயிலும் மணக்கும் அறையில் அவள் தனியாகப் படுத்திருந்தாள். காதுக்கு மேல் முடியை மழித்து, மையால் ஒரு வட்டம் போட்டிருந்தார்கள். பழக்கம் விடுமா? எதிர்ச்சுவரில் இருந்த ஒரு திருகாணியின் மேல் கண்ணை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினாள். இதயத்தின் தொம் தொம் என்ற அடி. அதைக் கழி. மூச்சு. கழி. எச்சில் இறங்கும் களக். கழி. விழிகள் அசையவில்லை. இனி மிஞ்சுவது வெறும் மௌனமாக இருக்க வேண்டும்.

சர்ர்ர்.

அவள் திருகாணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இமைகளை மூடி, விரல்களை மேலே மெல்ல வைத்தாள். அடியில் விழிகள் அசைவற்றுக் கிடந்தன.

சர்ர்ர். இடமிருந்து வலம். நிதானமாக.

அவள் வேண்டுமென்றே வலப்பக்கம் பார்த்தாள். அவளுடைய சர்ர்ர். பிறகு, சற்றுத் தாமதித்து, இன்னொன்று. அவளைத் தொடர்ந்து.

உடம்புக்குள்ள இருக்கிறது மட்டும்தான்.

கணவன் பிளாஸ்க்கோடு உள்ளே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தாள். "உள்ள இன்னொரு ஜோடி கண்ணு இருக்கு. திறக்க வேணாம்னு சொல்லு."

அவன் முகத்தில் அந்தப் பழைய இரக்கம் வந்து உட்கார்ந்தது. "டென்ஷன்மா. முடிஞ்சா எல்லாம் சரியாயிடும்."

அதே சொல். அன்று தலையைக் குனிந்தவனின் வாயிலிருந்தே. பிளாஸ்க்கைப் பிடுங்கிச் சுவரில் அடித்தாள். அந்த ஓசையில் அறையே கவிழ்ந்தது. கட்டிலைப் பற்றிக்கொண்டு கத்தினாள். நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். ஊசி. சக்கரங்கள். மேலே ஓடும் விளக்குகள்.

"பயம் எல்லாருக்கும் வரும்," என்றார் பெண் டாக்டர், முகமூடிக்குப் பின்னாலிருந்து. அவரும் நம்பவில்லை.

நாக்கு மரத்துவிட்டது. திறக்காதீங்க. மண்டைக்குள் மட்டும் முழங்கியது. பாவிகளா, திறக்காதீங்க.

அவள் விளக்கையே பார்த்தாள். விழியை ஓர் இம்மிகூட அசைக்கவில்லை.

சர்ர்ர்.

இந்த முறை இடமும் இல்லை, வலமும் இல்லை. மேல்நோக்கி. காதுக்கு மேலே, மை வட்டம் இருந்த பக்கம்.

அங்கே நின்றது.

எங்கோ துளையிடும் கருவியை ஓட்டிப் பார்த்தார்கள். அவளுடைய இமைகள் கனத்தன. மூடின.

உள்ளே, ஈரமாக, இரண்டு இமைகள் பிரிந்தன.