மூன்றாவது படத்தில் ஒரு புருவம்

மூன்றாவது படத்தில் ஒரு புருவம் தெரிந்தது.

ஸுஹைறா கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கல்முனையில் காலிதீன் ஹாஜியார் நடத்தும் அபாயாக் கடைக்காக அவள் செய்துகொண்டிருந்த இணையப் பக்கம் அது. பக்கத்தின் மேல்பாதியில் மட்டும் பின்னணிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறவேண்டும். கீழே விலையும் தொலைபேசி இலக்கமும் அசையாமல் நிற்கவேண்டும். அதற்கு எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் காலையிலிருந்தே அவள் உயிரை வாங்கியது. முதலில் படங்கள் பக்கம் முழுக்கப் பரவி விலைகளை விழுங்கின. ஒரு பெட்டிக்குள் அடைத்தால், ஒன்று போய் அடுத்தது வருமுன் வெள்ளையாகக் கண்ணைக் குத்தின. ஒருவழியாகச் சரிப்படுத்தி நிமிர்ந்தால் இந்தப் புருவம்.

புருவம் இருக்கவே கூடாது, பிள்ளைகளே. படங்களில் அபாயா உடுத்து நின்றவள் அவள் தங்கை அப்னா, கலியாணம் பேசி முடித்த பெண். முகம் ஊருக்குத் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பேச்சை முறித்துக்கொள்வார்கள். அதனால்தான் ஸுஹைறா எல்லாப் படத்திலும் அந்த முகத்தை நெற்றியிலிருந்து நாடிவரை தோல் நிறத்தால் மெழுகியிருந்தாள். முகம் உள்ள மூலப் படங்களை அப்னாவின் கண்முன்னாலேயே அழித்தும் விட்டாள்.

தொலைபேசி அடித்தது. ஹாஜியார்.

“புள்ள, வேல முடிஞ்சா? இஷா தொழுகைக்குப் பொறகு எல்லாருக்கும் அனுப்பணும். மொகம் கிகம் தெரியப்படாது, சொல்லிட்டன்.”

“தெரியாது ஹாஜியார். இன்னும் கொஞ்சம்தான் இரிக்கி.”

உம்மாவும் வாப்பாவும் பொத்துவிலுக்குக் கலியாணம் சொல்லப் போயிருந்தார்கள். மஃரிபுத் தொழுகை கழிந்த வீடு. யன்னலுக்கு வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. உப்புக்காற்றோடு கருவாட்டு வாடை வந்து திரைச்சீலையில் தங்கியது. குசினியில் வெங்காயம் பொரியும் சத்தம் அந்த இரைச்சலுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தது.

“ராத்தா, விடிஞ்சதில இருந்து அந்தப் பொட்டியோடதான் சண்ட. அதையே உங்களுக்குக் கட்டிவெச்சா வாப்பாக்கு மாப்பிள பாக்கிற வேல மிச்சம்!” அப்னா குசினியிலிருந்து சிரித்தாள்.

“சும்மா இரி புள்ள. எனக்கு விசர் வருது.”

படத்தைத் தனியாகத் திறந்தாள். மெழுகியபடியே இருந்தது. பக்கத்துக்குத் திரும்பினாள். புருவத்துக்குக் கீழே மூக்கு முளைத்திருந்தது.

தீயும் மணம் அறைக்குள் வந்தது.

“அப்னா, அடிப்புடிக்கிதுடி!”

“அப்பிடியா? எனக்கு ஒரு மணமும் வருதில்லயே. மூக்கடச்சிட்டு, தடிமனாக்கும்.”

ஸுஹைறா பல்லைக் கடித்துக்கொண்டு உலாவியின் நினைவகத்தைத் துடைத்தாள், படங்களின் பெயரை மாற்றினாள், கடைசியில் எழுதிய நிரலை எல்லாம் நிறுத்தியே விட்டாள். ஓட ஒன்றுமில்லை. ஆனாலும் படங்கள் மாறின. கறுப்பு அபாயா, ஊதா, பச்சை. எல்லாவற்றிலும் இப்போது மூடிய இமைகள். அடுத்த மாற்றத்தில் அவை திறந்தன.

அவளைத்தான் பார்த்தன.

குசினியில் சட்டி விழுந்து உருண்டது. “ராத்தா, கரண்ட் போயிட்டா?”

தலைக்கு மேலே விளக்கு எரிந்தது. குசினி வெளிச்சமும் நடைவழியில் நீளமாகக் கிடந்தது.

“வெளாடாத அப்னா. எனக்கு வேல இரிக்கி.”

“அல்லாவே, எனக்கு ஒண்டும் தெரியுதில்ல ராத்தா. கொஞ்சம் வாங்களன்.”

“வாறன், வாறன். பொறு.”

எழும்பியிருக்கலாம், பாவி. எழும்பவில்லை. கோபம் அவளைக் கதிரையோடு கட்டிப்போட்டிருந்தது. இந்த ஒன்றைச் சரிசெய்துவிட்டால் போதும்.

திரையில் உதடுகள் வந்தன.

“ராத்தா, கெதியா...”

குரல் அறுந்தது. திரையில் உதடுகள் அசைந்தன. சத்தமில்லாமல். வாங்க.

ஸுஹைறா படங்கள் எல்லாவற்றையும் தெரிவுசெய்தாள். அழித்தாள். கணினியின் குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்கினாள்.

மேல்பாதி வெள்ளையானது. கீழே விலைகள். தொலைபேசி இலக்கம். அவ்வளவுதான்.

“முடிஞ்சிடி அப்னா. இனி ஒருத்தருக்கும் உன்ட மொகம் தெரியாது.”



சுவரில் கை உரசும் சத்தம். நடைவழியில். வாசலில். கதிரைக்குப் பின்னால்.

திரும்பினாள்.

அப்னாவின் சட்டை. அப்னாவின் கூந்தல். நெற்றியிலிருந்து நாடிவரை ஒரே தோல். வாய் இருக்கவேண்டிய இடத்தில் அது உள்ளே ஒட்டியது. வெளியே உப்பியது. உள்ளே ஒட்டியது.

வெங்காயம் மணக்கும் விரல்கள் நீண்டு ஸுஹைறாவின் புருவத்தைத் தொட்டன. மூக்கைத் தடவின. மெதுவாக, பத்திரமாக. உதட்டுக்கு வந்து, அதன் ஓரத்தில் நகத்தை நுழைத்தன.