கண்ணுக்குள் ஒரு சிவப்புப் புள்ளி

"ஐயோ... என்ர பிள்ளை!"

கோணேஸ்வரியின் அலறலில் உப்புவெளிக் கடற்கரை வீடு அதிர்ந்தது.

பாயில் அவளுடைய மூன்று வயது மூத்த மகன்... மூச்சில்லாமல் கிடந்தான்.

அருகே காலி மருந்துப் போத்தல்!

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஸைனுலாப்தீன் வந்துவிட்டார். பிரேதத்தைப் பார்க்க டொக்டர் வீரசிங்கமும் கூட வந்தார்.

"இவள்தான் குடுத்தவள்!" மாமியார் சிவக்கொழுந்தின் விரல் மருமகள் கோணேஸ்வரியை நோக்கி நீண்டது. "தம்பியின்ர மகள் எண்டுதானே என்ர மகனுக்குக் கட்டி வைச்சனான்! குருட்டுப் பிள்ளையை வளர்க்க அலுத்துப்போய் நஞ்சு வைச்சிட்டாள்!"

"பிறவிக் குருடோ?" இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார்.

"இல்லை ஐயா. போன வருசம் சித்திரையில ஜப்பான்காரன் குண்டு போட்டானே... அந்தச் சத்தத்தில கண் நரம்பு செத்துப்போச்சு. சின்னச் சத்தத்துக்கும் துள்ளுவான்."

கோணேஸ்வரி மகனின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

'இது முடியட்டும்' என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள்! நினைத்ததும் கொலைதானோ?

"கதை தங்கச்சி. தூக்குமரத்தில நிண்டு கதைக்க ஏலாது!"

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை மேசையில் எறிந்தார்.

ணங்!

ஏணைத் தொட்டிலில் கிடந்த அவளுடைய ஏழு மாதப் பெண் குழந்தை இரண்டு கைகளையும் விரித்துத் துள்ளியது!

டொக்டர் திடுக்கிட்டார். விலங்கை எடுத்து மீண்டும் போட்டார்.

ணங்!

மீண்டும் அதே துள்ளல்.

"இவள் எப்ப பிறந்தவள்?"

"இந்த வருசம் தையில."

"அப்ப குண்டுச் சத்தத்தை இவள் கேட்கவே இல்லையே!"

பையிலிருந்து கண் பார்க்கும் கருவியை எடுத்துக் குழந்தையின் மேல் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் கறுத்திருந்தது.

"வெள்ளை வட்டம்... நடுவில குன்றிமணி மாதிரிச் சிவப்புப் புள்ளி! மூத்தவனுக்கும் இதேதான். நஞ்சில்லை, இன்ஸ்பெக்டர். போத்தலில இருந்தது நான் குடுத்த வலிப்பு மருந்து, அது போன கிழமையே முடிஞ்சிருக்கும்."

"பிறகு எது கொன்றது?"

"கொழுப்பு! சீனி ஒட்டின ஒருவகைக் கொழுப்பு எண்டு இப்பதான் பெரிய டொக்டர்மார் கதைக்கினம். மூளை நரம்புக் கலத்தில எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும், இருக்கவும் வேணும். இந்தப் பிள்ளையளுக்கு அது கரையாமல் சேரும். கலம் ஊதி ஊதி... கண், கை, கடைசியா மூச்சு!"

"ஆர் குடுத்தது?" மாமியார் சீறினாள்.

"தாய் அரைவாசி, தகப்பன் அரைவாசி. உங்கட குடும்ப ரத்தம்தான் அம்மா, ரெண்டு பக்கத்தாலயும் வந்து சேர்ந்திருக்கு."

நீண்ட விரல் மடங்கியது.

"உனக்கு விடுதலை, தங்கச்சி," என்றார் இன்ஸ்பெக்டர்.

கோணேஸ்வரி ஏணையைப் பார்த்தாள்.

"அப்ப... இவளுக்கும் அதுவோ?"

டொக்டர் தலை குனிந்தார்.

அடுத்த நொடி...

பாய்ந்து விலங்கைப் பறித்தாள்!

"பூட்டுங்கோ என்னை! நான்தான் நஞ்சு குடுத்தனான்! சத்தியமாக் குடுத்தனான்!"

"விசர் பிடிச்சிட்டுதோ உனக்கு?"

"மூத்தவன் நஞ்சால செத்தவன் எண்டு எழுதுங்கோ ஐயா! அப்ப... சின்னவள் தப்புவாள்தானே?"

அவள் இழுத்த இழுப்பில் விலங்கு கலகலத்தது. ஏணை துள்ளியது.

இன்ஸ்பெக்டர் மெல்ல விலங்கை வாங்கினார். சத்தம் வராமல் கைக்குட்டையால் சுற்றினார்.

"கொலைகாரனைப் பிடிச்சுத் தந்திட்டீங்கள், டொக்டர்... கலத்துக்குள்ள ஒளிச்சிருக்கிற அவன்ர அளவில விலங்கு செய்ய ஒரு கொல்லனையும் பிடிச்சுத் தாங்கோவன்!"