தீச்சுவரில் ஒரு துளை

நான் சொல்லப்போவது இந்த வரிசையில்தான் நடந்ததா என்று எனக்கு உறுதியில்லை. அந்தப் பிற்பகலில் மழை பெய்ததாக நினைக்கிறேன், பெய்யவில்லை என்கிறார்கள். அன்று அந்தச் சாலையில் நின்ற வண்டிகளுள் ஒன்றில் நானும் இருந்தேன். மற்றவற்றைப் பின்னால் பலரிடம் கேட்டுக் கோத்துக்கொண்டேன். கண்டதும் கேட்டதும் இத்தனை ஆண்டுகளில் ஒன்றாகிவிட்டன. அந்த மௌனத்தை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை.

அப்போது கோவையில் யாரும் சாலையைப் பார்ப்பதில்லை. காலையில் வண்டியில் ஏறி எதிரெதிரே உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார்கள், தலைக்கு மை பூசுவார்கள், குழந்தைக்குச் சடை பின்னுவார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் படமாகக் கடல் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது உறவினர் யாருடையதோ கல்யாணம். வண்டியின் முன்பக்கம், பூட்டிய பெட்டிக்குள், ஓட்டுமூளை இருந்தது. முந்துவதா பிந்துவதா என்று அது மற்ற ஓட்டுமூளைகளோடு பேசி முடிவு செய்தது. சாலையில் அடிபட்டு இறந்த ஒருவரைக் கேள்விப்பட்டு ஒரு தலைமுறை ஆகியிருந்தது.

அந்தப் பெட்டிக்கும் ஆட்கள் உட்காரும் அறைக்கும் நடுவே ஓர் இரும்புத் தகடு. தீச்சுவர் என்று பெயர். பெட்ரோல் எரிந்த காலத்தில் நெருப்பிலிருந்து மனிதரைக் காக்க வைத்தது. நெருப்பு போய்விட்டது, சுவர் தங்கிவிட்டது. இப்போது அது மனிதரிடமிருந்து வண்டியைக் காத்தது.

இனியாவுக்கு அந்தச் சுவரின் மறுபக்கம் போக வேண்டியிருந்தது.

அவள் கணவன் கதிர்வேந்தனின் மார்பில் துடித்தது பிறவி இதயம் அல்ல, ஒரு நெஞ்சுப்பொறி. நல்ல பொறிதான். எப்போதாவது தடுமாறும். தடுமாறினால் அரைமணி நேரத்துக்குள் மருத்துவமனையில் அதற்குத் தாளம் சேர்த்தாக வேண்டும். வீடு சூலூருக்கு அப்பால் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து ஏற்றித் திரும்பிப்போக அந்த நேரம் போதாது. முதல்முறை தடுமாறியபோது சொந்த வண்டியில்தான் போனார்கள். அது ஒவ்வொரு சந்திப்பிலும் நின்றது. பள்ளி வண்டிக்கு வழிவிட்டது, ஆளே இல்லாத வண்டிகளுக்கும் வழிவிட்டது. "நிதானமாகப் போவோம், பத்திரமாகச் சேர்வோம்" என்று கனிவாகச் சொன்னது. கதிர் பிழைத்தது தற்செயல். உதடு நீலமாகிக் கிடந்த அந்த முகத்தை அவள் தூக்கத்திலும் பார்த்தாள்.

ஆம்புலன்ஸுக்கு மட்டும் வழிவிடு குறி என்று ஒன்று இருந்தது. ஓசையில்லாத ஓர் அலை. அதைப் பெறும் வண்டி இடப்பக்கம் ஒதுங்கி, குறி அடங்கும்வரை நிற்க வேண்டும். அதை எழுப்பும் கருவி எல்லா வண்டிகளிலும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டிருந்தது; ஆம்புலன்ஸுக்கென்று தனியாகச் செய்வதைவிட அது மலிவு. மற்ற வண்டிகளில் அதற்கு மின்சாரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஓர் ஒயர் குறைவு.

சிங்காநல்லூரில் நஞ்சப்பனின் பட்டறையைப் பற்றி யாரோ அவளிடம் சொன்னார்கள்.

"உசுருக்குத்தானுங்களே?" என்று முதலில் கேட்டார் நஞ்சப்பன்.

"வீட்டுக்காரருக்குங்க. நெஞ்சுப்பொறி."

"அப்பச் செஞ்சு போடலாம். நகை எடுக்கப் போறேன், சினிமாவுக்குப் போறேன்னு வர்றவனுக்கெல்லாம் நான் கை வெக்கிறதில்லீங்க."

"வேற யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா?"

"நீங்க ஒருத்தர்தானுங்க, அம்மிணி."

அவர் தரை விரிப்பைச் சுருட்டி, தலையை உள்ளே நுழைத்துப் படுத்தார். தீச்சுவரின் அடியில் கைமுட்டி அளவுக்கு ஒரு கறுப்பு ரப்பர் மூடி தெரிந்தது.

"இங்க எதுக்குங்க ஓட்டை?" என்று கதிர் எட்டிப் பார்த்தான்.

"அந்தக் காலத்துல இது வழியா ஒரு தண்டு போகுமுங்க. சக்கரத்தைத் திருப்பறதுக்கு. தகடு அடிக்கிற அச்சை இன்னும் எவனும் மாத்தலை. ஓட்டையைப் போட்டுப் போட்டு மூடி வெக்கறாங்க."

"யாரு திருப்புவா?"

"மனுசன்தான்."

"மனுசனா!" கதிர் சிரித்தான். "எப்படி நம்பி ஏறுனாங்க?"

நஞ்சப்பன் ரப்பரை ஊசியால் குத்தினார். ஒரு சைக்கிள் கம்பியை அதற்குள் செலுத்தி, அதன் வாலில் புது ஒயரை டேப்பால் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபக்கம் போய் இழுத்தார். ஒயர் வழுக்கிக்கொண்டு போனது. "தகட்டுல நேரா துளை போட்டா வெளிம்பு ஒயரை அறுத்துப்போடும்" என்றார். மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வராதபடி அந்தப் பக்கம் சற்றே தொங்கலாக விட்டார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸ். இருக்கைக்கு அடியில் ஒரு சிவப்பு சுவிட்ச்.

"ஓட்டுமூளைக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள் இனியா.

"தெரியாதுங்க. தன்ற குறி தனக்குக் கேக்காது. அது பாட்டுக்கு மருவாதியா ஓட்டும். ஊருதான் ஒதுங்கும்."

அடுத்த மாதம் கதிருக்குத் தடுமாறியது. அவள் சுவிட்சைப் போட்டாள். கடலை அணைத்துக் கண்ணாடியைத் தெளிவாக்கி முதல்முறையாகச் சாலையைப் பார்த்தாள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகின. அவள் அழுதாள். கதிர் மூன்றே நாளில் வீடு திரும்பினான்.

அதோடு நின்றிருக்கலாம்.

பொள்ளாச்சியில் கதிரின் அக்கா மகளுக்குக் கல்யாணம். கிளம்பத் தாமதமாகிவிட்டது.

"போட்டு வுடு புள்ள" என்றான் கதிர்.

"உசுருக்குன்னு சொல்லி வெச்சது மாமா."

"முகூர்த்தத்துக்குப் போவலீன்னா எங்கக்கா என்ற உசுரை எடுத்துருவா. அப்ப இதுவும் உசுருக்குத்தான்."

அவள் சிரித்துக்கொண்டே போட்டாள். ஒதுங்கிய வண்டிகளுக்குள் இருந்தவர்கள் ஒரு சிறு தாமதத்தை மட்டும் உணர்ந்திருப்பார்கள்.

"இத்தனை நேரங்கழிச்சுக் கெளம்பியும் முகூர்த்தத்துக்கு முன்னால வந்துட்டீங்களே, எப்படி?" என்று கதிரின் அக்கா குடைந்தாள். அக்காவின் மாமியாருக்கு நுரையீரல் பழுது. இனியாவால் மறைக்க முடியவில்லை. "யாருகிட்டயும் சொல்லீராதீங்க அண்ணி" என்றாள். அண்ணியும் தான் சொன்ன ஒவ்வொருவரிடமும் அப்படியே கேட்டுக்கொண்டாள். பந்தி முடிவதற்குள் பட்டறையின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டவர்கள் பலர். எல்லோர் வீட்டிலும் ஒரு நோயாளி இருந்தார். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பிற்பகல் வந்தது.

கதிர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்ததும் இனியா அவனை வண்டியில் கிடத்தி சுவிட்சைப் போட்டாள். திருச்சி சாலை முன்போலவே பிளந்தது. ஒண்டிப்புதூர் தாண்டும்வரை ஒரு தடையும் இல்லை. பிறகு அவள் வண்டியே மெல்ல இடப்பக்கம் திரும்பி நின்றது.

"ஆம்புலன்ஸ் வருகிறது. வழிவிடுவோம்" என்றது.

எதுவும் வரவில்லை.

நடந்தது எளிது. அவள் குறியால் ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் எரிச்சலில் தன் சுவிட்சைப் போட்டார். அதனால் ஒதுங்கிய வேறொருவர் தன்னுடையதைப் போட்டார். ஒவ்வொரு வண்டியும் குறி எழுப்பியது. எழுப்புவது தான் என்று அறியாமல் மற்றவற்றுக்கு மரியாதையோடு விலகி நின்றது. என் வண்டியும் நின்றது. கடலை அணைத்துவிட்டு வெளியே பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை இடப்பக்கம் ஒட்டி ஒட்டி வண்டிகள். அவற்றுக்கு நடுவில் ஓர் உண்மையான ஆம்புலன்ஸ். பக்கத்தில் அகன்ற சாலை முழுக்கக் காலி. ஒரு நாய் அதில் நிதானமாக நடந்து போனது.

இனியா இறங்கி ஓடினாள். முன்வண்டியின் கண்ணாடியைத் தட்டினாள்.

"ஐயா, சுவிட்ச் இருந்தா அணைச்சிருங்க. எங்க வீட்டுக்காரரு உள்ள..."

"என்ற மகளுக்கு வலி வந்துருச்சு, அம்மிணி" என்றார் அதிலிருந்த பெரியவர். உள்ளே ஒரு பெண் முனகினாள். "நீங்க மொதல்ல அணைங்க, சாமி."

அடுத்த வண்டியில் டை கட்டிய இளைஞன். "நான் மட்டும் அணைச்சா நான் மட்டும் இளிச்சவாயனா? அவங்களை அணைக்கச் சொல்லுங்க."

அதற்கடுத்த வண்டியில் பாதித் தலைக்கு மை பூசியிருந்த ஒருத்தி. "எல்லாரும் அணைச்சா நானும் அணைக்கறனுங்க" என்றாள். நியாயமாகத்தான் பேசினாள்.

யார் அணைத்தாலும் அணைக்காதவன் போய்விடுவான். இது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவள் திரும்பி வந்தாள். கதிர் தலையைச் சாய்த்துக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் புள்ள நிக்கறோம்? ரோடு காலியாத்தான கெடக்குது?"

"ஆமா மாமா. காலியாத்தான் கெடக்குது."

"அப்பப் போலாம்ல?"

அவள் இருக்கைக்கு அடியில் கைவிட்டு சுவிட்சைத் தொட்டாள். தான் அணைத்துக் காட்டினால் அந்தப் பெரியவர் அணைக்கலாம். அந்த இளைஞனும் அணைக்கலாம். அணைக்காமலும் போகலாம். விரலை அதன்மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். நெஞ்சுப்பொறியின் மெல்லிய ரீங்காரம் நின்றபோதும் விரல் அங்கேயேதான் இருந்தது. சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் சொன்ன மௌனம் அதுதான். ஆயிரக்கணக்கான வண்டிகள், ஓர் ஓசை இல்லை.

சாயங்காலம் காவலர்கள் நடந்தே வந்தார்கள். வண்டி வண்டியாக முன்பெட்டிகளைத் திறந்து ஒயர்களை அறுத்தார்கள்.

கதிர்வேந்தன் அங்கேயே இறந்துபோனான். பெரியவரின் மகள் வண்டியிலேயே பிரசவித்தாள். அவள் பிழைத்தாள், குழந்தை பிழைக்கவில்லை. ஆம்புலன்ஸில் இருந்தவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை. டை கட்டியவன் போக வேண்டிய நேர்காணல் மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அவனுக்கு வேலை கிடைத்தது. நஞ்சப்பன் சில மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்து பட்டறையைப் பெரிதாக்கினார். அரசு ஆம்புலன்ஸுக்கென்று வழிவிடு குறியையும் மீறிச் செல்லும் மேல்வழிக் குறி என்ற புதிய குறியைக் கொண்டுவந்தது. சிக்கனம் கருதி அந்தக் கருவியையும் எல்லா வண்டிகளிலும் பொருத்தினார்கள், ஒயர் மட்டும் இல்லாமல்.

இனியாவின் தாய்க்கு இப்போது நெஞ்சுப்பொறி வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு இனியா தன் வண்டியோடு பட்டறை வாசலில் வரிசையில் நின்றாள். பின்னாலிருந்து ஒருவர், "கொஞ்சம் அவசரமுங்க, முன்னால வுட்டீங்கன்னா..." என்றாராம். அவள் நகரவில்லை. அவளுடைய ரப்பர் மூடி வழியே இப்போது இரண்டு ஒயர்கள் போகின்றன.