ஐந்தாம் எண் கிளைவாள்

கைத்தேர்வு நாளன்று, தெரு மரங்களைப் பராமரிக்கும் சிங்காநல்லூர் மரப்பட்டறையில் யாரும் சூடாக டீ குடிப்பதில்லை. கை சூடாக இருந்தால் இயந்திரத்துக்குப் பிடிக்காது என்று யாரோ எப்போதோ கிளப்பிவிட்ட கதை. ஃபோர்மேன் ஆறுச்சாமி அதெல்லாம் சும்மா என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். சொல்லிவிட்டுத் தன் டீயையும் ஆறவைத்துத்தான் குடிப்பார்.

கோகிலவாணிக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. ஆறு வருடமாக ஐந்தாம் எண் கிளைவாள் அவள் கையைத்தான் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. ஆள் உயரத் தண்டு, நுனியில் வெட்டுச் சங்கிலி, நடுவில் தேய்ந்து பளபளக்கும் கைப்பிடி. தினமும் காலையில் வந்ததும் அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு பல்லுக்கும் அரம் போட்டு, துடைத்து, எண்ணெய் நிரப்பிவிட்டுத்தான் அவள் அடுத்தவரிடம் பேசவே தொடங்குவாள். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படித் தலைவாரி விட்டதில்லை என்று அவள் வீட்டுக்காரர் கேலி செய்வார். அது உண்மைதான்.

சுரங்கங்களை மூடி முப்பது வருடமாகிறது. புது இரும்பு இல்லை, அதனால் புது இயந்திரமும் இல்லை. இருப்பதை வைத்துத்தான் ஊர் ஓட வேண்டும். இருப்பதை யாரிடம் கொடுப்பது என்று தொடக்கத்தில் மனிதர்கள்தான் முடிவு செய்தார்கள். சிபாரிசு, மாமன் மச்சான் உறவு, அடிதடி என்று அது நாறிப்போனது. கடைசியில் சட்டம் அந்த உரிமையை இயந்திரத்துக்கே கொடுத்துவிட்டது. ஒவ்வொன்றின் கைப்பிடிக்குள்ளும் ஓர் உணர்சில்லு உண்டு. யார் கையில் எந்தச் சாமான் எவ்வளவு தேய்ந்தது என்ற பதிவை வைத்து, யாரிடம் போனால் தன் ஆயுள் கூடும் என்று அது கணக்குப் போடும். அந்த ஆளின் கை பட்டால் பச்சை விளக்கு எரிந்து பூட்டுத் திறக்கும். மற்றவர்களுக்கு அது வெறும் இரும்புதான்.

நிழல் இல்லாத தெருவில் பகலில் நடமாட முடியாத காலம் இது. ஆகவே நிழல் மரங்களைக் கழித்துவிட்டுக் காப்பாற்றக் கிளைவாளோடு ஏறுகிறவளுக்கு ஊரில் டாக்டருக்குள்ள மரியாதை. ஏறி வேலை முடித்து இறங்கினால் தெருப் பெண்கள் மோர்ச் செம்போடு நிற்பார்கள். கீழே கயிறு பிடிக்கிறவர்களையும் சருகு கூட்டுகிறவர்களையும் யாரும் பேர் கேட்பதுகூட இல்லை.

அன்றைக்கு வாணி கைப்பிடியில் கை வைத்தாள். விளக்கு எரியவில்லை.

உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். இல்லை. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். "அடுத்த ஆள்" என்றார் ஆறுச்சாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த ஆள் சம்பூரணம். மேட்டுப்பாளையம் பட்டறையிலிருந்து மாற்றலாகி வந்தவள், வாணியின் வயதுக்காரி. வந்த நாள் முதல் வாணியோடுதான் சாப்பிடுவாள், வாணி மேலே போனால் கயிற்றை அவள்தான் பிடிப்பாள். அவள் பட்டும் படாமலும் ஒரு விரலை வைத்தாள். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"ஐயோ, எனக்கெதுக்குங் இது? வாணிக்கே குடுத்துருங்" என்றாள் சம்பூரணம், பதறிப்போய்.

"நாம குடுக்கறதா இருந்தா அதுக்கு எதுக்கு வெளக்கு?" என்றார் ஆறுச்சாமி.

வேண்டாம் என்று அவள் சொன்னதுதான் வாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டிப் பறித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். வாணிக்குக் கிடைத்தது சருகூதி. காற்றை ஊதிச் சருகை ஒதுக்கும் அந்தச் சாமானுக்கு யார் கை பட்டாலும் பச்சைதான். அதைத் தொட்டதும் அது உடனே எரிந்ததில் பட்டறையே சிரித்தது. வாணியும் சிரித்துவைத்தாள். 

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஆறுச்சாமியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் என்னங்க கொறை வெச்சேன்? அவ ஒரு நாளாச்சும் எந்தச் சாமானையாவது நல்லாத் தொடச்சுப் பாத்திருக்கீங்களா?"

ஆறுச்சாமி வாளைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். "பல்லைப் பாரு. பாதிதான் மிச்சமிருக்குது. நீ தெனமும் அரம் போட்டுப் போட்டே கரைச்சுட்ட. மழுங்கினப்ப மட்டும் போட்டாப் போதும் புள்ள. அவ அப்படித்தான் போடுவா."

"நான் ஆசையாத்தானுங்க போட்டேன்."

"ஆசை அதுக்கு எப்படித் தெரியும்? தேஞ்சது மட்டுந்தான் அதுக்குத் தெரியும்."

அவர் சொன்னது நியாயம் என்று வாணிக்குப் புரிந்தது. புரிந்ததால் ஒன்றும் குறையவில்லை. அன்று முதல் சம்பூரணத்தைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கத் தொடங்கினாள். பிசின் ஒட்டிய வாளை அப்படியே ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறாளே! தண்டைப் பிடித்துத் தரையில் ஊன்றுகிறாளே! வாணியின் வாளை, வாணியின் கண் முன்னாலேயே. ஆனால் அந்த வாளும் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அவள் கையில் வெண்ணெயில் இறங்குவதுபோல் கிளையில் இறங்கியது. தன்னிடம் இவ்வளவு சாதுவாக அது என்றைக்காவது இருந்ததா என்று வாணி யோசித்தாள். யோசிக்க யோசிக்க மனம் புண்ணானது.

சம்பூரணம் ஒவ்வொரு தடவையும் தனக்குக் கிடைத்த மோரில் பாதியைக் கொண்டுவந்து கொடுப்பாள். "குடி புள்ள, வெயில்ல நின்னிருக்கற." அந்த மோர் வாணிக்குத் தொண்டையில் இறங்காது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மண்ணில் ஊற்றிவிடுவாள்.

ஒரு நாள் மதியம் சம்பூரணம் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவப் போயிருந்தாள். வாள் பெஞ்சின் மேல் கிடந்தது. வாணி சுற்றிலும் பார்த்தாள். உணர்சில்லு கைப்பிடியில்தான் இருக்கிறது. எண்ணெய்த் தொட்டியின் மூடி வெறும் பிளாஸ்டிக், அதற்கு எந்தக் கையும் தெரியாது. மூடியைத் திருகி, தண்டைச் சாய்த்து, சங்கிலிக்கான எண்ணெய் முழுவதையும் மரத்தூள் குவியலில் ஊற்றினாள். மதியத்துக்கு மேல் பூங்காவில் கொய்யாக் கொம்புகளை ஒதுக்கும் வேலைதான். எண்ணெய் இல்லாமல் சங்கிலி சூடேறும். சம்பூரணத்தின் கையில் தனக்குக் கேடு என்று வாள் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மூடியைத் திருகி முடிப்பதற்குள் ஆறுச்சாமியின் குரல் கேட்டது. ஒண்டிப்புதூர் பஸ் ஸ்டாப்புக்கு மேலே தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளை ஒன்று விரிசல் விட்டுத் தொங்குகிறதாம். எல்லோரும் வண்டியில் ஏறினார்கள்.

வண்டியில் சம்பூரணத்தின் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. விரல்களில் எண்ணெய் வாசம் அடித்தது. புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்தாள். 'எண்ணெய் பாத்தியா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். கேட்டால் அவள் திறந்து பார்ப்பாள். காலையில் தான் நிரப்பியது எங்கே போனது என்று யோசிப்பாள். வழி நெடுக வாணி வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதற்குள் இடம் வந்துவிட்டது.

சம்பூரணம் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறினாள். சருகூதிக்கு அங்கே வேலை இல்லாததால் ஆறுச்சாமி கயிற்றின் மறுமுனையை வாணியின் கையில் கொடுத்துவிட்டு, ஸ்டாப்பில் நின்ற ஆட்களை விரட்டப் போனார். மேலே வாள் ஓடத் தொடங்கியது. ஆள் பருமன் கிளை. பாதி வெட்டில் சங்கிலி சூடேறினால் வாள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சட்டென்று நின்றுவிடும். நின்றால், பாதி அறுந்த கிளை தானாகப் பிளந்து, வெட்டுகிறவளை நோக்கித்தான் வீசும். கொய்யாக் கொம்பை நினைத்துச் செய்த காரியத்தில் இது வாணிக்கு அப்போது தோன்றவே இல்லை. கயிறு உள்ளங்கையில் வழுக்கியது. வாளின் சத்தம் மாறியது, லேசாகப் புகை வாசம் வந்தது.

"சம்பூ, நிறுத்து! எண்ணெய் இல்ல! வாளை வெளிய எடு!"

சம்பூரணம் கீழே பார்த்தாள். கேள்வி கேட்காமல் வாளை இழுத்தாள். இழுத்த மறுகணம் அது நின்று பூட்டிக்கொண்டது. வெட்டு ஆழமாகப் போகவில்லை. கிளை முனகியது, ஆனால் தாங்கியது. அதைக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டிவிட்டு, கைரம்பத்தால் அறுத்து இறக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

இறங்கியதும் சம்பூரணம் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். பிறகு வாணியைப் பார்த்தாள். ஆறுச்சாமி தூரத்தில் இருந்தார்.

"கீழ நின்னவளுக்கு, எண்ணெய் இல்லீன்னு எப்படித் தெரிஞ்சுது?"

வாணி கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.  சம்பூரணத்தின் பார்வை மெதுவாக அவள் புடவைத் தலைப்பில் இருந்த கறைக்கு இறங்கியது.

"அவருகிட்டச் சொல்லப் போறதில்ல" என்றாள் சம்பூரணம். "சொன்னா உன்னய மரத்துப் பக்கமே விடமாட்டாங்க. உனக்கு ரண்டு குழந்தைங்க இருக்குது."

வாள் சூடேறி நின்றால் உடனே மறுதேர்வு வைப்பது விதி. அடுத்த நாள் காலை ஆறுச்சாமி வாளைப் பெஞ்சில் வைத்தார். சம்பூரணம் கை வைத்தாள். இருட்டு. அவளுக்கு அது தெரிந்தே இருந்தது போலிருந்தது. எண்ணெய் தீர்ந்தது அவள் கையில். தீர்த்தது யார் என்று வாளுக்குத் தெரிய வழியில்லை. வாணி முறை வந்தது. கை வைக்காமல் ஓடிவிடலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. ஆனால் கை தானாகப் போனது.

பச்சை.

"பாத்தியா, உம்பட வாளு உங்கிட்டயே வந்துருச்சு!" என்று ஆறுச்சாமி முதுகில் தட்டினார். "அங்கிருந்தே சத்தத்த வெச்சுக் கண்டுபுடிச்சயே, அதான் கைராசிங்கறது." எல்லோரும் கை தட்டினார்கள். சம்பூரணமும் தட்டினாள்.

வாணி இத்தனை நாள் ஆசைப்பட்டது இதற்குத்தான். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்கு அழுகைதான் வந்தது. வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, வாளைக் கீழே வைக்கவும் முடியவில்லை.

அன்று மதியம் திருச்சி ரோட்டில் வேலை. வழக்கம்போல, மேலே வாணி, கீழே கயிறோடு சம்பூரணம். ஏறும் முன் வாணி எண்ணெயைத் தன் கையாலேயே நிரப்பினாள், மூடியை இறுகத் திருகினாள், அதன் பிறகு வாளை யாரிடமும் கொடுக்கவில்லை. கவட்டையில் கால் ஊன்றி நின்றுகொண்டு வாளை இயக்கப் போனவள், நிறுத்திவிட்டு மூடியைத் திறந்து பார்த்தாள். நிறைய இருந்தது. இடுப்பு முடிச்சை இழுத்துப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"என்ன, நின்னுட்டிங்க?" என்றாள் சம்பூரணம் கீழேயிருந்து. இதுவரை அவள் வாணியை 'புள்ள' என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. எண்ணெய் பாக்கறேன்."

 தெருவில் ஒரு பஸ் போனது.

"பாத்துக்கங்க" என்றாள் சம்பூரணம். "நான் அதத் தொடலீங்க."

வாணி பொத்தானை அழுத்தினாள். வாள் சாதுவாகக் கிளையில் இறங்கியது. அவளால் கிளையைப் பார்க்க முடியவில்லை. கீழே, தன் உயிரைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.