முன்னால் போகிறவள்

கடை மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் அணைந்துதான் இருந்தது. திரை கறுப்பு, பட்டனில் வெளிச்சம் இல்லை, போன வெள்ளிக்கிழமை நிலுக்ஷி சுவரிலிருந்து பிடுங்கிப் போட்ட வயர் அப்படியே தரையில் கிடந்தது. ஆனாலும் மேசைக்கடியில் இருந்த பெட்டிக்குள் விசிறி சுற்றுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"நானா, இதுல ஏதோ சத்தம் கேக்குதுங்களே?"

கடை முதலாளி அகீல் நானா தொப்பியைத் தலையில் சரிசெய்துகொண்டே காது கொடுத்துப் பார்த்தார். "எனக்கொண்ணும் கேக்கல்லயே தங்கச்சி. நான் ஜும்மாவுக்குப் போய்ட்டு வாறேன், ஷட்டரை அரைவாசி இறக்கி வைங்க. கரண்ட் போனா யூபிஎஸ்ஸை நம்பாதீங்க, பெட்டரி செத்துப்போச்சு. அஞ்சு நிமிஷம் தாங்கினா பெரிய விஷயம்."

அவர் போனதும் ஷட்டரை இடுப்பளவுக்கு இறக்கினாள். பண்டாரவளைக் கடைத்தெருவின் பகல் அந்த இடைவெளியோடு நின்றுகொண்டது. லீக்ஸ் மூட்டை நனைந்து நாறுகிற வாசமும், பூனாகலைப் பக்கம் போகிற பஸ்ஸின் டீசல் வாசமும், தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் கணுக்காலைத் தொட்ட ஈரமான பனிப்புகாரும் மட்டும்தான் உள்ளே வந்தன. போட்டோகொப்பி மெஷினின் சூடு ஆறிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் இந்த ஒன்றரை மணி நேரம் அவளுக்குச் சொந்தமானது. வாரம் முழுக்க ஆட்களின் போனுக்கு ரீலோட் போட்டு, அடையாள அட்டை கொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டு அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

போனை அணைத்து வைத்தாள். வயரைச் சொருகி, விளையாட்டைத் திறந்தாள்.

யாரோ எப்போதோ ஏற்றிவிட்டுப் போன பழைய விளையாட்டு அது. கோட்டை, மந்திரவாதி, குதிரைப்படை எல்லாம் உண்டு. நம் முறை வந்தால் நாம் ஆடலாம், 'எண்ட் டர்ன்' பட்டனை அமுக்கினால் கம்ப்யூட்டர் ஆடும். அமுக்காதவரை எதிரி ஓரடி அசைய மாட்டான், நாள் முழுக்க யோசித்தாலும் காத்துக்கொண்டு நிற்பான். நிலுக்ஷிக்கு முதலில் பிடித்தது அந்தக் காத்திருப்புதான். தேயிலைத் தோட்டத்தில் அவள் வீட்டாருக்காக யாரும் ஒரு நிமிஷம் காத்திருந்ததில்லை.

எதிரியை எப்போதும் மகா மூர்க்கனாகத்தான் வைப்பாள். அவன் படை குளவிப் படை, ஆட்டுக்குட்டியளவு குளவிகள். மூர்க்கனை அடிக்க மூர்க்கம் தேவையில்லை என்று நாலைந்து தடவை தோற்ற பிறகு கண்டுபிடித்திருந்தாள். பலமில்லாத ஒரு குடியானவளை வெட்டவெளியில் தனியாக நிறுத்தினால் போதும். அவனுக்குப் பொறுக்காது. மொத்தப் படையையும் இழுத்துக்கொண்டு அந்த ஒருத்தியைக் கொல்ல ஓடி வருவான், அவன் கோட்டையில் காவல் குறையும், அவளுடைய குதிரைப்படை பின்வழியாகப் போய் அவனை அடித்துவிட்டுத் திரும்பும். குடியானவள் செத்துப்போவாள்தான். அதைப் பார்த்தால் விளையாட முடியுமா?

அம்மாவும் அப்படித்தான் செத்தாள்.

ஏழாம் நம்பர் மலையில், கற்பாறைக்கு அடியில் குளவிக்கூடு இருப்பது எல்லோருக்கும் தெரியும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆட்களைப் பிரித்தபோது பெண்கள் போக மாட்டோம் என்று நின்றார்கள். கணக்கப்பிள்ளை சிவஞானம் கூட்டத்தில் சாதுவான ஆள் யாரென்று ஒரு பார்வை பார்த்துத் தெரிந்துகொண்டார். "செபஸ்தியம்மா, நீ முன்னால போ. நீ போனா மத்தவளுகளும் பின்னால வருவாளுக." அம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு முன்னால் போனாள். தூக்கி வந்தபோது அவள் முகத்தில் மூக்கு எது, கண் எது என்று நிலுக்ஷியால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விசாரணையில், அவள் விறகு பொறுக்கத் தானாகப் போனாள் என்று சிவஞானம் எழுதிக் கொடுத்தார். பக்கத்து லயத்து வீட்டுப் பாக்கியம் அதற்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, எதிரி ராஜாவின் பெயரை அழித்துவிட்டு ஆங்கில எழுத்தில் சிவஞானம் என்று அடித்தாள் நிலுக்ஷி. வேறென்ன செய்ய முடியும் அவளால்? பெயரையாவது அடிக்கலாம் அல்லவா! அன்றைக்கு அவள் நிறுத்திய குடியானவளின் தலைக்கு மேல், அவள் அடிக்காமலே, லூர்தம்மா என்று ஒரு பெயர் இருந்தது, அம்மாவோடு கொழுந்து பறித்தவளின் பெயர். எப்போதோ கை தவறி அடித்திருப்போம் என்று நினைத்தாள். குளவிகள் அவள் மேல் விழுந்தன. குதிரைப்படை சிவஞானத்தின் வலது கோபுரத்தை உடைத்துவிட்டு வந்தது.

மறுநாள் அக்கா சஜீவனி போனில் சொன்னாள். லூர்தம்மாவைக் கொழுந்து மலையில் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம். கணக்கப்பிள்ளையையும், ஜன்னல் சாத்திய ஆபீஸ் அறைக்குள் வைத்தே, வலது கையில் கொட்டியதாம். "கை கறுத்துப்போச்சு நிலு. ஆண்டவருக்குக் கண் இருக்கு," என்றாள் அக்கா.

யாருக்குக் கண் இருக்கிறது என்று நிலுக்ஷிக்குத் தெரியும். லூர்தம்மா பிழைத்துக்கொண்டாள், அதனால் மனசும் பெரிதாக உறுத்தவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை குடியானவளின் தலைக்கு மேல் பாக்கியம் என்று இருந்தது. நிலுக்ஷி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சாட்சிக் கையெழுத்தை நினைத்தாள். பிறகு அவளைப் பிடித்து, வேண்டிய தூரத்துக்கும் இரண்டு கட்டம் அதிகமாக, வெட்டவெளிக்கு இழுத்துவிட்டாள். "நீ முன்னால போ," என்று ஒரு குரல் கேட்டது. அது தன் வாயிலிருந்துதான் வந்தது என்று விளங்கச் சற்று நேரம் பிடித்தது. பாக்கியத்தின் சாவு வீட்டுக்கு அவளும் போனாள், கொடுத்த பிளேன்டீயைக் குடித்தாள், பெட்டியை எட்டிப் பார்த்தாள். மூக்கு எது, கண் எது என்று தெரியவில்லை. சிவஞானத்துக்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டது, பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று அங்கே பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்த பஸ்ஸில் நிலுக்ஷிக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.

இன்றைக்கு மூன்றாவது வெள்ளி. இன்னும் ஒரே ஒரு தாக்குதல். அதோடு சிவஞானம் முடிந்தார்.

திரை வெளிச்சமானது. பெட்டிக்குள் இரைச்சல் கூடியது. விசிறிச் சத்தம் ஒரே சீராக இருக்கும், இது ஏறியது, இறங்கியது, ஒன்றோடொன்று உரசியது. மேசையில் வைத்த அவள் முழங்கை அந்த இரைச்சலில் நடுங்கியது. கோட்டைக்குள் அவளிடம் மிஞ்சியிருந்தது குதிரைப்படையும் ஒரே ஒரு குடியானவளும். குடியானவளின் தலைக்கு மேல் இருந்த பெயரைப் படித்ததும் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சஜீவனி.

வேண்டாம். இந்த முறை யாரையும் நிறுத்த வேண்டாம். கோட்டைக்குள்ளேயே இருக்கட்டும் அக்கா, குதிரைப்படை காவலுக்கு நிற்கட்டும். அம்மா போன பிறகு நிலுக்ஷிக்கு இருந்தது அந்த ஒரு அக்காதான். உதட்டைக் கடித்துக்கொண்டு, எதையும் நகர்த்தாமல், எண்ட் டர்னை அமுக்கினாள்.

எதிரியின் முறை வந்தது. குளவிகள் அவள் கோட்டைப் பக்கம் வரவில்லை. இடமும் வலமுமாக விலகிக் காட்டுக்குள் மறைந்தன. பிறகு, சிவஞானத்தின் கோட்டைக் கதவு திறந்தது. ராஜா தன்னந்தனியாக வெட்டவெளிக்கு நடந்து வந்தார். வலது கை கறுத்துத் தொங்கியது. கண் இருந்த இடத்தில் இரண்டு வீக்கம். நடு மைதானத்தில் வந்து நின்றார்.

காவல் இல்லை. பக்கத்தில் ஒரு குளவிகூட இல்லை.

நிலுக்ஷிக்கு இது என்னவென்று தெரியாதா? இரண்டு வாரமாக இதையேதானே அவள் செய்தாள். தெரிந்தது. ஆனால் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அம்மா நடந்துபோன முதுகு கண் முன்னால் வந்தது, "தானாகப் போனாள்" என்று எழுதிய கை வந்தது, அவளுக்குப் பொறுக்கவில்லை. குதிரைப்படை முழுவதையும் கோட்டையை விட்டு இறக்கினாள். ஒரு குதிரை மிச்சமில்லாமல். சாவு, சாவு, என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். மூன்றாவது அடியில் ராஜா விழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள், கால் மணி நேரமாவது அப்படியே கிடந்திருப்பாள்.

வெளியே செருப்புச் சத்தம்.

"நிலு! உள்ளுக்கா இருக்கிற? போனுக்கு என்ன ஆச்சு?" அக்காவின் குரல். மூச்சு வாங்கியது. "கணக்கப்பிள்ளை செத்துட்டாருடி! இப்பத்தான் பஸ்ஸுல போன் வந்துச்சு. உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு ஓடி வாறேன்."

நிலுக்ஷி சிரித்தாள். வாய்விட்டு, தனியாக, அந்த அரையிருட்டுக் கடைக்குள் சிரித்தாள். அம்மா, முடிச்சிட்டேன்மா!

திரையைப் பார்த்தாள். வெற்றி என்று வர வேண்டும். வரவில்லை.

ராஜா கிடந்தார். குளவிகள் சாகவில்லை. அவை என்றைக்குமே சிவஞானத்தின் குளவிகளாக இருக்கவில்லை என்று அப்போது அவளுக்கு விளங்கியது. காட்டுக்குள் மறைந்தபோதே அவை அவள் கோட்டையைச் சுற்றி வந்திருந்தன. எல்லாப் பக்கமும். கோட்டைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒருத்தி மட்டும்.

குதிரைப்படையைத் திருப்பப் பார்த்தாள். நகரவில்லை. இந்த முறைக்கான நகர்வெல்லாம் தீர்ந்துவிட்டது. செய்வதற்கு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. திரையின் மூலையில் எண்ட் டர்ன் மினுங்கியது.

கரண்ட் போனது. தலைக்கு மேல் பல்பு அணைந்தது. யூபிஎஸ் கூவியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

ஷட்டருக்கடியில் குனிந்து அக்கா உள்ளே வந்தாள். பாதி குனிந்தபடியே நின்றாள். நிமிரவில்லை.

"அக்கா?"

வாய் திறந்திருந்தது. அடுத்த சொல் வரவில்லை. தலைமுடியில் பனித்துளி கோத்திருப்பதாக நினைத்தாள் நிலுக்ஷி. எழுந்து பார்த்தாள்.

பனித்துளி இல்லை.

நெற்றியில். காதில். கழுத்தில் கிடந்த ஜெபமாலையின் ஒவ்வொரு மணியிலும். அக்காவைச் சுற்றி அந்தரத்திலும் நின்றன. நூற்றுக்கணக்கில். இறக்கை விரித்தபடி. ஒன்றும் அசையவில்லை.

பெட்டிக்குள் இரைச்சல் நின்றிருந்தது. தெருவில் பஸ் இல்லை. பேச்சு இல்லை. ஷட்டருக்கடியில் பனிப்புகார்கூட ஊர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. எல்லாம் அவளுக்காகக் காத்திருந்தன.

நிலுக்ஷி பின்பக்கமாகவே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கிக்கொண்டாள். அமுக்க மாட்டேன். செத்தாலும் அமுக்க மாட்டேன்.

யூபிஎஸ் இப்போது வேகமாகக் கூவத் தொடங்கியது, நானா சொன்ன அஞ்சு நிமிஷம் தீர்ந்துகொண்டிருந்தது.

அக்காவின் கண்கள் மட்டும் அசைந்தன. திரையைப் பார்த்தன. சஜீவனி என்ற பெயரைப் படித்தன. பிறகு தங்கையைப் பார்த்தன. வலது இமையின் மேல் ஒரு குளவி, கொடுக்கை வளைத்துத் தூக்கியபடி, நிலுக்ஷியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தது.