"போடட்டுமா?" என்று கேட்டவன்

"சாமியக் காணோம்!"

சண்முகசுந்தரி வாய்விட்டே கத்திவிட்டாள்.

விஜயதசமி காலை. வெளியே மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. கோமதியம்மன் கோவில் தெற்கு ரதவீதியில் இருந்த அவளுடைய சின்ன ஆன்லைன் சென்டரில் மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றுக்கும் நெற்றியில் சந்தனம், குங்குமம், மேலே கதம்பச் சரம். எல்லாம் நேற்று சரஸ்வதி பூஜைக்கு அவள் ஆசை ஆசையாகச் செய்த அலங்காரம். படத்தைச் சுவரில் மாட்டுவானேன் என்று மூன்று திரையிலும் சரஸ்வதியையே வரவழைத்து, சூடம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் எடுக்கிறவரை தொடக் கூடாது. அதுவும் வீணையோடு உட்கார்ந்திருக்கிற சாமியை ஸ்விட்சைத் தட்டி அணைக்க யாருக்கு மனசு வரும்? அப்படியே எரியவிட்டுக் கடையைப் பூட்டிப் போனாள்.

கம்ப்யூட்டருக்கு அதுவே தோதாகிவிட்டது. ஊரில் அரிவாள், அரிவாள்மணை, தறி எல்லாம் ஓய்வெடுத்த அந்த ஒரு நாளில், அது மட்டும் யாரையும் கேட்காமல் வேலை பார்த்திருக்கிறது. புது அப்டேட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, தாங்க முடியாமல் கவிழ்ந்துவிட்டது. இப்போது மூன்று திரையிலும் நீலம். நடுவில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி, சரிசெய்ய முடியவில்லை என்று கையை விரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து சுற்றியது.

வாசலில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

நிமிர்ந்தாள். மழைக்கு ஒதுங்கிய ஒருவன் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். கையில் கோவில் பிரசாதப் பை. சிரித்து முடித்த பிறகும் அந்தக் கண்களில் கொஞ்சம் சிரிப்பு மிச்சம் இருந்தது…

"இங்கன என் பொழப்பே போயிட்டு. ஒங்களுக்குச் சிரிப்பா இருக்கோ?"

"ஐயோ, மன்னிச்சிருங்க. சாமியக் காணோம்னு சத்தம் கேட்டதும், செலையத்தான் யாரோ தூக்கிட்டானோன்னு ஓடி வந்தேன்."

"வந்தாச்சுல்லா? பாத்தாச்சுல்லா? மழை விட்டதும் கெளம்புங்க."

அவள் கோபம் அவன்மேல் இல்லை. இது முதல் தடவையும் இல்லை. ஹால் டிக்கெட் எடுக்க வந்த பிள்ளைகளை வைத்துக்கொண்டே 'அப்டேட் நடக்கிறது, அணைத்துவிடாதீர்கள்' என்று மெஷின் அரைமணி நேரம் முரண்டு பிடிக்கும். வந்தவர்கள் எதிர்க் கடைக்குப் போய்விடுவார்கள். பொங்கலுக்குள் கடை ஒழுங்காக ஓடாவிட்டால் இந்த இடத்தைப் பரோட்டா கடைக்கு விட்டுவிடுவதாக அண்ணன் மாரிச்செல்வம் சொல்லியிருந்தான். பிறகு அவளுக்குக் கல்யாணம். யாரோடு என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். இந்தக் கடை ஒன்றுதான் அவள் கேட்டு, அவள் விரும்பி அமைந்தது. அதுவும் இப்போது நீலமாக நின்றது. கோமதியம்மா, நான் என்ன செய்வேன்…

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "நான் வேல்ராஜ். வாசுதேவநல்லூர். பாலிடெக்னிக்ல கம்ப்யூட்டர் பாடம் எடுக்கேன். மெஷின்ல கோளாறு இல்லைங்க. அந்தப் புது அப்டேட்டுதான் இந்தப் பழசுக்குச் சேராது. வேற சிஸ்டம் இருக்கு, லினக்ஸ்னு. இதுல நல்லா ஓடும். ஒங்க ஃபைலையும் எடுத்திரலாம். போடட்டுமா?"

முன்பின் தெரியாத ஆள். அவளுக்கு ரோஷம் வந்தது.

"வேண்டாம்."

"சரி."

அவ்வளவுதான். பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சுந்தரிக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் வேண்டாம் என்றால் வீட்டில், "ஒனக்கு ஒண்ணும் தெரியாதுட்டி" என்பார்கள். அப்டேட் கேட்கும்போது 'பிறகு' என்று அழுத்தினால் மெஷின் மறுநாள் அதே கேள்வியோடு வந்து, ஒருநாள் கேட்காமலேயே செய்துவிடும். அவள் சொன்ன 'வேண்டாம்' முழுசாக 'வேண்டாம்' என்றே போய்ச் சேர்ந்தது இன்றைக்குத்தான்.

ஓரக்கண்ணால் பார்த்தாள். காதோரம் ஒரு மழைத்துளி இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது… சீ, என்ன பார்வை இது!

"ஏங்க… ஒரே ஒரு மெஷின்ல மட்டும் போட்டுப் பாக்கலாமா?"

அவன் சாவிக்கொத்தில் தொங்கிய பென் டிரைவைக் கழற்றினான். அதன் பிறகு கேள்விமேல் கேள்வி. போட்டோவெல்லாம் எடுத்து வைக்கட்டுமா? இந்த ஃபோல்டர் வேணுமா? பழசை அழிச்சிரலாமா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க…

"எத்தனை தடவதான் கேப்பீய?"

"நீங்க சரின்னு சொல்லுத வரைக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கத் திரும்பியவள், பிரிண்டர் தடதடவென்று உயிர் பெற்ற சத்தத்தில் மறுபடி திரும்பினாள். திரையில் வீணையோடு சரஸ்வதி! எடுத்து வைத்த ஃபைலிலிருந்து அந்தப் படத்தைத்தான் அவன் முதலில் தேடிப் போட்டிருந்தான். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தாள், வார்த்தை வரவில்லை. டீ வாங்கப் போகிற சாக்கில் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டாள்.

மற்ற இரண்டு மெஷினுக்காக அடுத்த சனிக்கிழமையும் வந்தான். அதற்கடுத்த சனிக்கிழமை எதற்கு வந்தான் என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. கடை சூடு பிடித்தது. வளைகுடாவுக்குப் போகிற மகனுக்கு டிக்கெட் எடுக்கக் கடையநல்லூரிலிருந்து வந்த அப்துல் ஜப்பார் பாய், திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது நம்மள எதுவும் மெரட்டாம அமைதியா இருக்கே, ரிப்பேரா?" என்று கேட்டார். சுந்தரி வயிறு குலுங்கச் சிரித்தாள். மூலையில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். அப்டேட் இருக்கிறது, வேண்டும்போது போட்டுக்கொள்ளலாம் என்று. அவள் பார்க்கிறவரை அது காத்திருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரு முகம் ஞாபகம் வரும்… ஏன் வருகிறது? தெரியாதா என்ன!

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா பேச்சித்தாய் அல்வாப் பொட்டலத்தோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"ஏட்டி, வாயத் தொற. வாசுதேவநல்லூர்ல இருந்து பொண்ணு கேட்டு வந்துட்டுப் போறாவ. பையன் கம்ப்யூட்டர் வாத்தியாராம், வேல்ராஜாம். ஒன்னயத் தெரியுமாம்லா! அண்ணன் சரின்னுட்டான். தை பொறந்ததும் நிச்சயம்."

அல்வா அம்மா கையிலேயே இருந்தது. சுந்தரிக்குச் சந்தோஷம் பொங்கி வந்து பாதியில் நின்றுவிட்டது. அவன் நேரில் கேட்டிருந்தால், கேட்டு முடிப்பதற்குள் சரி சொல்லியிருப்பாள். அவனுக்காகத்தானே சனிக்கிழமைகளில் பூ வைத்துக்கொண்டாள்! ஆனால் அவன் கேட்கவில்லை. ஒரு ஃபோல்டரை அழிக்க அத்தனை தடவை கேட்டவன், அவளுடைய மொத்த வாழ்க்கைக்கு ஒரு தடவை கூடக் கேட்கவில்லை. அதுதான் வலித்தது.

மறுநாள் புதுச் சட்டையும் வெட்கமுமாக வந்து நின்றான்.

"என்ட்ட கேட்டீயளா?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"இல்ல… ஒங்களுக்கும் பிடிக்கும்னு நெனச்சேன். மொறப்படி பெரியவங்க மூலமா வந்தாத்தான் மரியாதைன்னு…"

"எனக்கு நல்லதுன்னு நீங்களே நெனச்சுக்கிட்டீய. அந்தப் பழைய மெஷினும் அப்படித்தான் நெனச்சுது. நான் இல்லாத நேரம் பாத்து, எல்லாத்தையும் மாத்தி வச்சுட்டு, காலைல வந்து பாருன்னு நின்னுது. நீங்க வேறன்னு நெனச்சேன்…"

அவன் முகத்திலிருந்த வெட்கமெல்லாம் வடிந்து போனது. அந்தக் கண்களில் இன்று மிச்சச் சிரிப்பு இல்லை. அப்படியே இறங்கிப் போய்விட்டான்.

அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அவசரப்பட்டுவிட்டோமா? இல்லை, சொன்னது சரிதான். சரிதான் என்றால் ஏன் இப்படிச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது…

அந்த இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் கடைக்கு வந்தான். வழக்கமான அதட்டல் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கைலியை நீவிவிட்டுக்கொண்டான்.

"அந்தப் பையன் ஒன்னயப் பாத்துட்டுப் போன அன்னைக்கே, நீ கடைல இருக்கும்போதே, வீட்டுக்கு வந்துட்டான் சுந்தரி. ஒன்ட்ட கேக்காம வந்தது அவன் தப்புதானாம். நீயா சரின்னு சொல்லாம நிச்சயம் வேண்டாம்னுட்டான். நான் கத்துன கத்துல தெருவே கூடிப் போச்சு. அப்பயும் அதையேதான் சொல்லுதான். ஒன்ட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு அம்மா வாயையும் நான்தான் அடச்சு வச்சேன்." வெளியே கொட்டிய மழையைப் பார்த்தபடியே சொன்னான். "நானும் ஒன்ட்ட கேக்கலைலா… கடைய மூடப் போறேன்னப்பயும் கேக்கல. இனி கட ஒன் இஷ்டம், கல்யாணமும் ஒன் இஷ்டம்."

பிறந்ததிலிருந்து அண்ணன் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. அவன் போன பிறகு நெடுநேரம் அழுதாள். நிம்மதியான அழுகை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"மெஷின்ல ஒரு கேள்வி வந்து நிக்கி. எனக்குப் பதில் தெரியல. வாரீயளா?"

"வரட்டுமா?" என்றது மறுமுனை, பயந்து பயந்து.

"வாங்க!"

பஸ்ஸை விட்டு இறங்கிக் குடையில்லாமல் ஓடி வந்திருந்தான். அன்றைக்குப் போலவே தலையிலிருந்து சொட்டச் சொட்ட அதே வாசலில் நின்றான். மூன்று மெஷினும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

"கேள்வி எங்க?"

"நீங்கதான் கொண்டு வரணும்."

புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காது மடல் சிவந்துவிட்டது.

"சண்முகசுந்தரி… என்னயக் கட்டிக்கிடுதீயளா? இப்பவே சொல்லணும்னு இல்ல. மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. வேண்டாம்னாலும்…"

"வேண்டாம்னா?"

"சரின்னு சொல்லிட்டுப் போயிருவேன். திரும்பக் கேக்க மாட்டேன்."

அவளுக்கு அந்த விஜயதசமி காலை கண்முன் வந்தது. சொல்ல முடியாமல் டீ வாங்கப் போனாளே, அந்த வார்த்தை இப்போது தானாக வந்தது.

"ஒங்களுக்கு ஒரு நன்றி பாக்கி இருக்கு. மெஷின சரி பண்ணுனதுக்கு இல்ல. அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னதும், சரின்னு பேசாம உக்காந்தீயல்லா… அதுக்கு. என் சொல்லுக்கும் ஒரு மதிப்பு இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. அந்த நிமிஷத்துல இருந்தே ஒங்கள எனக்குப் பிடிக்கும்."

அவன் கண்களில் அந்தப் பழைய சிரிப்பு மெல்லத் திரும்பி வந்தது.

"அப்ப… சரியா?"

"இன்னொரு தடவ கேளுங்க."

"எத்தனை தடவ கேக்க?"

"நான் சரின்னு சொல்லுத வரைக்கும்."

அவன் கேட்டான். ஆசையாக இருந்ததால் அவள் இன்னும் ஒரு தடவை கேட்க வைத்தாள். அப்புறம் நிமிர்ந்து, அந்தக் கண்களை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"சரி."